மூச்சுக்கும் மாத்திரை உண்டு

(சத்திரம் பேருந்து நிலையத்து உழைக்கும் மக்களை முன்னிறுத்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



திருச்சிராப்பள்ளியின் வடபால், மலைக்கோட்டைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட நிலத்தில் சத்திரம் பேருந்து நிலையம் அமைந்துள்ளது. சத்திரம் என்பது, வழிநடந்து களைத்தவன் தன் சுமையை இறக்கிவைத்துக் காலை நீட்டி, ஒருபொழுது இளைப்பாறிச் செல்லும் இடத்திற்குப் பெயர். அப்பெயர் இன்றும் நிற்கின்றது. இளைப்பாறுதல்தான் அங்கே இல்லை. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிலையம் புதுக்கட்டடமாக எழுப்பித் திறக்கப்பெற்றது. தரை புதிதாயிற்று; கூரை புதிதாயிற்று; விளக்குகள் புதியனவாயின. ஆனால், அங்கு வந்துபோகும் மாந்தரின் நெஞ்சப் படபடப்பு மட்டும் பழையதாகவே இருக்கின்றது.

பொழுது புலருமுன் பூக்கூடையைச் சுமந்துவரும் தாய், அன்றைய முதல் மீளுமா என்னும் கவலையோடு பேருந்தேறுகின்றாள். திருவரங்கத்திற்கும் நகரின் தென்பகுதிக்கும் இடையே நாள்முழுதும் போய்வரும் ஓட்டுநர், ஒலிப்பானும் நெரிசலும் வெயிலும் ஒருங்கே தாக்க, முன்னே குறுக்கிடும் ஈருருளியையும் பின்னே நெருக்கும் வண்டியையும் ஒரே நேரத்தில் நோக்குகின்றார். நடத்துநர், நிற்கவும் இடமில்லாக் கூட்டத்துக்குள் சில்லறைக்கும் சீட்டுக்குமாக அல்லற்படுகின்றார். அருகிலுள்ள கல்லூரிகளுக்குச் செல்லும் மாணவி, தாய்மொழியில் ஒரு மணி நேரத்தில் விளங்கக்கூடியதை அயன்மொழியில் மூன்று இரவு உருப்போட்டும் விளங்காத கலக்கத்தோடு வந்து இறங்குகின்றாள். இவர்கள் அனைவர்க்கும் பொதுவாக உள்ள நோய் ஒன்று; அதற்கு உளவழுத்தம் என்று பெயர்.

நோயைச் சொல்லத் தாய்மொழி வேண்டும்

இந்நோயைப் பற்றிப் பேசுமுன் அதன் பெயரைப் பற்றிப் பேசவேண்டியுள்ளது. இன்று பேருந்து நிலையத்தில் எவரை வினவினும் “ஒரே டென்சன்” என்னும் விடைதான் வரும். சினமும் டென்சன், அச்சமும் டென்சன், உறக்கமின்மையும் டென்சன், கடன்காரன் வருகையும் டென்சன். ஆயிரம் துன்பத்திற்கும் ஓர் அயற்சொல்! தமிழோ துன்பத்தின் ஒவ்வொரு முகத்திற்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கின்றது. படபடப்பு வேறு, மனவுளைச்சல் வேறு, ஆற்றாமை வேறு, திகைப்பு வேறு, ஏக்கம் வேறு, சலிப்பு வேறு, மலைப்பு வேறு. நெஞ்சு படபடக்கின்றது என்பான் உடலின் நிலையைச் சொல்கின்றான். ஏக்கமாயிருக்கின்றது என்பான் இழப்பைச் சொல்கின்றான். மலைப்பாயிருக்கின்றது என்பான் சுமையின் அளவைச் சொல்கின்றான். இவற்றைக் கேட்கும் மருத்துவர்க்கும் உற்றார்க்கும் செய்யவேண்டியது இன்னதெனத் தெரியும். டென்சன் என்று மட்டும் சொல்பவன் ஒன்றுமே சொல்லாதவனாகின்றான். தன் வலியைத் தன் மொழியில் சொல்ல மறந்தவன், அவ்வலிக்கு மருந்து தேடும் வழியில் முதற்படியையே இழந்தவனாவான். மொழிப்பற்று வெறும் மேடைச் செய்தியன்று. அஃது உடல்நலச் செய்தியுமாகும்.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

உளவழுத்தம் உள்ளத்தோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்க உடலியலறிஞர் வால்ட்டர் கேனன் 1915-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றால் உடலில் நேரும் மாற்றங்களை ஆராய்ந்து காட்டினார். பகையைக் கண்டவுடன் எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ உடல் தன்னை அணியப்படுத்திக்கொள்கின்றது. மூளை ஆணையிடப் பரிவு நரம்புகள் முறுக்கேறுகின்றன. சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றது. நெஞ்சாங்குலை விரைந்து துடிக்கின்றது, மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் ஆகின்றது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் தளர்கின்றது. பின்னர் கார்டிசோல் என்னும் சுரப்புநீர் குருதியில் சருக்கரையைக் கூட்டி, அவ்வணியநிலையை நீட்டிக்கின்றது. 1936-இல் ஆன்சு செலி என்னும் அறிஞர், தாக்குவது எதுவாயினும் உடல் ஒரே வகையான மறுவினையையே காட்டுகின்றது என்றும், அத்தாக்குதல் நெடிது தொடருமாயின் உடல் இறுதியில் ஓய்ந்து நலிகின்றது என்றும் விளக்கினார்.

காட்டில் வாழ்ந்த முன்னை மாந்தனுக்கு இவ்வமைப்பு உயிர்காத்த ஒன்று. புலி வந்தது, ஓடினான், பிழைத்தான், உடல் மீண்டும் அமைதியுற்றது. பேருந்து ஓட்டுநரின் புலி அவ்வாறு வந்து போவதன்று. அது நாள்முழுதும் முன்னும் பின்னும் உறுமிக்கொண்டிருப்பது. அவர் அதை எதிர்க்கவும் இயலாது. அதனின்று ஓடவும் இயலாது. இருக்கையில் அமர்ந்தபடியே அத்தனையையும் விழுங்கவேண்டியவராயிருக்கின்றார். ஓடுதற்கென்று திரண்ட சருக்கரையும் போரிடுதற்கென்று ஏறிய குருதியழுத்தமும் பயனின்றி உள்ளேயே நின்று, நாளடைவில் உடலையே தின்னத் தொடங்குகின்றன. உறக்கம் கெடுகின்றது, வயிறு எரிகின்றது, கழுத்தும் முதுகும் நோகின்றன, குருதிக் குழாய்கள் கேடுறுகின்றன.

பேருந்துத் தொழிலாளரைப் பற்றியே ஓர் ஆய்வு உலகப் புகழ் பெற்றுள்ளது. 1953-ஆம் ஆண்டு செரி மாரிசு என்னும் மருத்துவரும் அவர்தம் துணையாய்வாளரும் இலண்டன் மாநகரப் பேருந்துகளில் பணியாற்றியோரை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். ஒரே வண்டி, ஒரே தெரு, ஒரே பணிநேரம். ஆயினும், அமர்ந்தே ஓட்டிய ஓட்டுநரை நெஞ்சாங்குலை நோய் மிகுதியாகத் தாக்கியது. ஈரடுக்குப் பேருந்தின் படிகளில் நாள்முழுதும் ஏறியிறங்கிய நடத்துநரைக் குறைவாகத் தாக்கியது. உடலுழைப்பின் நன்மையைக் காட்டும் சான்றாகவே உலகம் அதனை ஏற்றுக்கொண்டது. உடல் இயங்கவேண்டும், இயங்காத உடலில் தேங்கியது நஞ்சாகும் என்பதே அதன் சாரம். கழனியில் குனிந்து நிமிர்ந்த தமிழனுக்குப் புதிதாகக் கற்பிக்கவேண்டாத உண்மை இது. இருக்கையில் கட்டுண்ட தமிழனுக்கோ மீண்டும் நினைவூட்டவேண்டியதாயிற்று.

மூச்சு என்னும் கடிவாளம்

உடலின் உள்ளுறுப்புத் தொழில்கள் மாந்தனின் விருப்பத்திற்குக் கட்டுப்படுவன அல்ல. நெஞ்சாங்குலையை நோக்கி, “மெல்லத் துடி” என்றால் அது கேளாது. இரைப்பையை நோக்கி, “எரியாதே” என்றால் அது கேளாது. மூச்சு ஒன்றுதான் இருபாலும் நிற்பது. நினையாதபோதும் தானே நிகழும். நினைத்தால் சொன்னபடியும் நிகழும். எனவே, உள்ளுக்குள் செல்ல மாந்தனுக்குத் திறந்துவிடப்பட்ட வாயில் மூச்சேயாகும். மூச்சை உள்ளிழுக்கையில் நெஞ்சத் துடிப்பு சற்றே விரைகின்றது. வெளிவிடுகையில் சற்றே தணிகின்றது. வெளிமூச்சை நீட்டுந்தோறும் அமைதிப்படுத்தும் துணைப்பரிவு நரம்புகளின் கை ஓங்குகின்றது. சினத்தில் மூச்சு குறுகுவதும் நிம்மதியில் பெருமூச்சாக நீள்வதும் எல்லாரும் அறிந்தனவே. விளைவைப் பற்றிக்கொண்டு விதையை மாற்றும் கலைதான் மூச்சுப் பயிற்சி.

இக்கலையைத்தான் உலகம் யோகா என்கின்றது; தனித்தமிழன்பர் ஓகம் என்கின்றனர். இது தமிழர்க்கு அயலானதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல், வாகைத் திணையின் பகுதியாக நோற்போரின் எட்டு வகை ஒழுகலாற்றைச் சுட்டுகின்றது. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை எட்டுறுப்பு ஓகத்திற்கே ஒதுக்கினார். மூச்சைக் குதிரையாக உருவகித்தார். பதினாறு மாத்திரை உள்ளிழுத்து, அறுபத்துநான்கு மாத்திரை நிறுத்தி, முப்பத்திரண்டு மாத்திரை வெளிவிடும் கணக்கையும் வகுத்துவைத்தார். வெளிமூச்சு உள்மூச்சைப் போல் இருமடங்கு! வெளிமூச்சை நீட்டுக என்று இன்றைய மருத்துவர் சொல்லும் அறிவுரையின் உயிர்ப்பொருள் அக்கணக்கில் அன்றே அடங்கியிருப்பதைக் காண்மின்.

மாத்திரை என்னும் அச்சொல்லைச் சற்று நின்று நோக்கவேண்டும். இன்று மாத்திரை என்றால் மருந்துக்கடை வில்லை என்றே பலரும் எண்ணுவர். தமிழிலக்கணம் பயின்றார்க்கோ அஃது எழுத்தின் ஒலியளவு. இயல்பாகக் கண்ணிமைக்கும் அளவும் கைந்நொடிக்கும் அளவும் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியர் வரையறுத்தார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்திற்கு அரை. எழுத்தை அளந்த அதே கோலால்தான் திருமூலர் மூச்சையும் அளந்தார். எழுத்து என்பது ஒலி. ஒலி என்பது மூச்சு. இதனைத் தொல்காப்பியர் பிறப்பியலில் இன்னும் தெளிவாக்கினார். கொப்பூழினின்று எழும் காற்றே தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைகொண்டு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தாகப் பிறக்கின்றது என்பது அவர் துணிபு. மூச்சு நெஞ்சின் மேற்பகுதியிலேயே நின்றுவிடாமல் அடிவயிறுவரை சென்று மீளவேண்டும் என்பதுதான் இன்றைய மூச்சுப் பயிற்சியின் முதற்பாடம். தமிழ்க்குழந்தை தன் எழுத்தின் பிறப்பை அறியும்போதே மூச்சின் பிறப்பையும் அறியுமாறு வகுத்திருந்தனர் முன்னோர். உயிர், மெய், உயிர்மெய் என்று எழுத்துக்குப் பெயரிட்ட இனம், மூச்சையும் உடலையும் பிரித்து எண்ணியதில்லை.

மந்திரத்தின் மொழியா? மூச்சின் நீளமா?

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படும். ஓகப் பயிற்சியில் சொல்லப்பெறும் ஒலிகள் வடமொழியில் இருந்தால்தான் பயன் தரும். தமிழில் சொன்னால் அவ்வாற்றல் வாராது என்பர் சிலர். கோயிலில் தமிழை வெளியே நிறுத்திய அதே வாயுரை இன்று உடற்பயிற்சிக் கூடத்திற்கும் வந்து சேர்ந்துள்ளது. இதற்கு விடையைத் தமிழர் சொல்லவேண்டியதில்லை, அறிவியலே சொல்லிவிட்டது.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியும் குழுவினரும் 2001-ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கிறித்தவர் மணிமாலை உருட்டி இலத்தீனில் சொல்லும் மரியன்னை வழிபாட்டையும் ஓகநெறியினர் சொல்லும் மந்திரம் ஒன்றையும் நலமுள்ள 23 பேரைச் சொல்லச்செய்து, மூச்சையும் நெஞ்சத் துடிப்பையும் அளந்தனர். இரண்டும் ஒரே விளைவைத் தந்தன. மூச்சு நிமையத்திற்கு ஏறத்தாழ ஆறாகத் தணிந்தது. குருதியழுத்தத்தைச் சீர்செய்யும் உடலின் உணர்திறன் கூடியது. இலத்தீனும் பலித்தது, மந்திரமும் பலித்தது. பலித்தது மொழியின் மாயமன்று. ஒரு மூச்சில் சொல்லிமுடிக்கும் ஒலியின் நீளமே என்பது வெளிப்படை. அதற்குமுன், 1975-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் எர்பர்ட்டு பென்சன் தளர்வு மறுவினை பற்றி எழுதிய நூலிலும், தத்தம் மொழியிலுள்ள எளிய சொல் ஒன்றையே மீளமீளச் சொல்லி அமைதியடையலாம் என்று காட்டினார். ஒன்று என்னும் எண்ணுப்பெயரின் ஆங்கிலச் சொல்லே அவர்க்குப் போதுமானதாயிற்று. அங்ஙனமாயின், நெடிலும் அளபெடையும் நிறைந்து ஒலிக்கும் தமிழ் எந்த மொழிக்குக் குறைந்தது?

நேர்மையாளர் ஒன்றை மறைத்தல் ஆகாது. திருமூலர் நூலிலேயே வடசொற்கள் பல உள்ளன. மூச்சின் மூன்று நிலைகளுக்கும் இருக்கைகள் சிலவற்றிற்கும் அவர் வடமொழிப் பெயர்களையே ஆண்டார். அதனால் அக்கலை தமிழில் வழங்கத்தகாதது என்று முடிவு கட்டுவார் உளர். அது பிழை. திருமூலர் தம் காலத்து வழக்கை ஏற்றும், பொருளைத் தமிழில்தான் சொன்னார். தமிழர்க்கு விளங்கவேண்டும் என்பதற்காகவே சொன்னார். அவர் நோக்கத்தை நிறைவுசெய்வதே பின்வந்தோர் கடன். உள்ளிழுத்தல், நிறுத்தல், வெளிவிடுதல் என்று சொன்னால் பூக்காரத் தாய்க்கும் புரியும். பத்மாசனத்தைத் தாமரையிருக்கை என்க; புயங்காசனத்தைப் பாம்பிருக்கை என்க; சவாசனத்தைக் கிடையோய்வு என்க. பெயரைக் கேட்டவுடன் உடல் எவ்வாறு நிற்கவேண்டும் என்பது கேட்பவனுக்கு விளங்குகின்றதன்றோ? விளங்காத பெயர் கலையை ஒரு சிலரின் உடைமையாக்குகின்றது. விளங்கும் பெயர் அதனை ஊருடைமையாக்குகின்றது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே கண்கூடான சான்று உண்டு. கூடுவாஞ்சேரியில் 1911-ஆம் ஆண்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்து 2006-இல் மறைந்த வேதாத்திரியார், தாம் வகுத்த பயிற்சிக்கு மனவளக்கலை என்று தமிழ்ப் பெயரிட்டார். உடற்பகுதிக்கு எளியமுறை உடற்பயிற்சி என்று பெயரிட்டார். அவர் நிறுவிய அமைப்பின் பெயரில் வடமொழி கலந்திருந்தாலும் கலையின் பெயர் தமிழாயிருந்தமையால், சிற்றூர்களில் நெசவாளரும் உழவரும் இல்லத்தாயரும் கூச்சமின்றி வந்து கற்றனர். பெயர் அழைத்தது, மக்கள் வந்தனர்.

ஒன்றிய நாடுகள் அவை 2014-ஆம் ஆண்டு தீர்மானம் இயற்றி, 2015 முதல் ஆண்டுதோறும் சூன் 21-ஆம் நாள் உலக ஓக நாளாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. நன்று! ஆனால், அந்நாளில் தமிழ்நாட்டுப் பள்ளிப்பிள்ளைகளும் ஒலிபெருக்கியில் புரியாத பெயர்களைக் கேட்டுக் கைகால்களை வளைக்கின்றனர். கலை வளர்க, கலையின் பின்னே ஒளிந்து வரும் மொழித்திணிப்பு வேண்டா. இரண்டையும் பிரித்தறியும் தெளிவு தமிழர்க்கு வேண்டும்.

அறிதுயில்

தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாகிய மறைமலையடிகள், மொழித்தூய்மையோடு உடற்றூய்மையையும் உள்ளத்தூய்மையையும் இணைத்தே கண்டவர். மக்கள் நூறாண்டு வாழும் வழியைப் பற்றி ஒரு நூல் யாத்தார். யோகநித்திரை என்பதற்கு அறிதுயில் என்னும் தமிழ்ப் பெயரைச் சூட்டி, அதனைப் பற்றியும் தனிநூல் எழுதினார். தமிழ்ச்சொல்லைக் காக்கப் புறப்பட்டவர் உறக்கத்தைப் பற்றி ஏன் எழுதினார் என வியப்பார் உளர். நலிந்த உடலில் நின்று எம்மொழியும் வாழாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அறிதுயில் எத்துணை அழகிய சொல்! உடல் உறங்குவதுபோல் தளர்ந்திருக்க, அறிவு விழித்திருக்கும் நிலை. சத்திரத்தினின்று பேருந்தேறிக் காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவரங்கம். அங்கே பள்ளிகொண்ட திருவுருவத்தின் நிலையையும் தமிழ் மரபு அறிதுயில் என்றே சொல்கின்றது. கடவுட்கொள்கை உடையாரும் இல்லாரும் அச்சொல்லின் பொருளை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. பல நூற்றாண்டாக மக்கள் கண்ணெதிரே கிடந்து, இவ்வாறும் இளைப்பாறலாம் என்று காட்டும் சுதைச்சிலையாகக் கொண்டாலும் தகும். மல்லாந்து கிடந்து, கால்விரல் முதல் தலையுச்சிவரை ஒவ்வோர் உறுப்பாக நினைந்து தளர்த்துவதே அறிதுயிற் பயிற்சியின் தொடக்கம்.

மற்றொரு பக்கம் மலைக்கோட்டை. அம்மலையிலுள்ள கற்படுக்கைகளில் சமணத் துறவியர் தங்கி நோற்றனர். 18-ஆம் நூற்றாண்டில் அதே நகரில், விசயரங்கச் சொக்கநாத நாயக்கரின் அரண்மனைக் கணக்குப் பொறுப்பில் இருந்தவர் தாயுமானவர். வரவும் செலவும், அரசனின் சினமும் அதிகாரிகளின் சூழ்ச்சியும் நடுவே வாழ்ந்த ஓர் அலுவலர் அவர்! மௌனகுரு என்பாரிடம் அவர் பெற்ற அறிவுரை, ஒன்றும் செய்யாது சும்மா இருக்கக் கற்றுக்கொள் என்பதே. கொடிய விலங்குகளை அடக்குவதினும் உள்ளத்தை அடக்கிச் சும்மா இருத்தல் அரிது என்பதைப் பின்னாளில் அவரே பாடினார். அலுவலகக் கோப்பினிடையே மூச்சுத்திணறும் இன்றைய எழுத்தர்க்குத் தாயுமானவர் அயலவர் அல்லர், முந்தைய அலுவலரேயாவார்.

செய்யத்தக்கது என்ன?

பேருந்து நிலையத்து உழைப்பாளர்க்கு ஒரு மணி நேரம் ஒதுக்கவோ விரிப்பு வாங்கவோ இயலாது. அவர்க்குத் தேவை பத்து நிமையப் பயிற்சி. வண்டி நின்று, பணியிடைவேளை வந்தபின், முதுகை நிமிர்த்தி அமர்க. தோள்களைக் காதுவரை உயர்த்தி விடுக. கழுத்தை மெல்ல இருபுறமும் திருப்புக. எழுந்து நின்று கைகளை மேலே நீட்டி, பின்பு இடுப்பளவு குனிந்து நிமிர்க. இஃது உறைந்த தசையை உருக்கும். பின்னர் மீண்டும் அமர்ந்து ஒரு கையை அடிவயிற்றில் வைக்க. ஆ, ஈ, ஊ, ஏ என்னும் நான்கு நெடில்களை எழுத்துக்கு ஒரு நொடியாக உள்ளத்தில் எண்ணி மூக்கால் மூச்சை உள்ளிழுக்க. வயிறு மெல்ல மேலெழும். ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ என்னும் ஆறு நெடில்களை அவ்வாறே எண்ணி வெளிவிடுக. வயிறு மெல்லத் தாழும். ஒரு மூச்சுக்குப் பத்து நொடி. நிமையத்திற்கு ஆறு மூச்சு. ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது சித்தர் மரபுக் கணக்கு. அது நிமையத்திற்குப் பதினைந்து. பத்து நிமையத்திற்கேனும் அதனை ஆறாகத் தணிப்பது உடலுக்குத் தரும் ஓய்வாகும். இரவில் படுக்குமுன் கிடையோய்வாகப் படுத்து அறிதுயிற் பயிற்சி செய்க. இவ்வளவே.

எச்சரிக்கையும் வேண்டும். வண்டி ஓட்டும்போது இப்பயிற்சி ஆகாது, சாலையிலேயே கருத்திருக்கவேண்டும். திருமூலர் சொன்ன நெடிய மூச்சு நிறுத்தத்தை ஆசிரியர் துணையின்றி எவரும் தாமே முயலுதல் கூடாது. குருதியழுத்தம், நெஞ்சாங்குலை நோய் உடையோரும் கருவுற்ற தாய்மாரும் மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்குக. தலைசுற்றினால் உடனே நிறுத்துக. மூச்சுப் பயிற்சி தொடங்கியதால் மருந்தை நிறுத்துவது மடமை. நெஞ்சில் வலி கண்டால் ஓகத்தைத் தேடாது மருத்துவமனையைத் தேடுக. வாழ்வையே வெறுக்கச்செய்யும் துயரம் சூழ்ந்தால் அதனை மூச்சுக்குள் மறைக்காது, உற்றாரிடமும் மருத்துவரிடமும் தமிழில் வாய்திறந்து சொல்லுக. ஓகம் துணை, மருத்துவத்திற்கு மாற்றன்று.

மூச்சை அடக்குக, உரிமைக் குரலை அடக்காதீர்

இறுதியாக ஒன்று. உழைப்பாளரின் உளவழுத்தம் முழுவதும் அவர் உள்ளத்தில் பிறந்ததன்று. நீண்ட பணிநேரத்தில் பிறந்தது, இடைவேளையின்மையில் பிறந்தது, கூலிக்குறைவில் பிறந்தது, பெண்டிர்க்குத் தூய கழிப்பறையும் இருக்க ஓர் இடமும் இல்லாமையில் பிறந்தது. 1961-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற மோட்டார்த் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி, கிழமைக்கு நாற்பத்தெட்டு மணி என்று வரம்பிட்டு, ஐந்து மணிக்கு மேல் தொடர்ந்து உழைக்கவிடாது அரை மணியேனும் ஓய்வு தரவேண்டும் என்று வகுத்தது. அவ்வரையறை அருளாக வந்ததன்று; உழைப்பாளர் போராடிப் பெற்றது. 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடியபோது ஏற்றிய கொடியின் கொடை அதிலும் உண்டு.

ஆதலின், “வேலைச்சுமையைக் குறைக்க இயலாது, வேண்டுமானால் ஓகம் செய்துகொள்” என்று சொல்லும் முதலாளிக்கும் அதிகாரிக்கும் ஓகம் ஒரு கேடயம் ஆகிவிடக்கூடாது. தாங்கும் ஆற்றலைக் கூட்டுவது ஓகம். தாங்கவேண்டாத சுமையை இறக்குவது உரிமைப் போராட்டம். முன்னது இருந்தால் பின்னதில் நிதானம் இருக்கும். பின்னது இருந்தால் முன்னதற்கு நேரம் இருக்கும். படபடக்கும் நெஞ்சோடு பேசுபவன் சினத்தால் தடுமாறுவான். அடங்கிய மூச்சோடு பேசுபவன் தன் உரிமையை அளந்து, தெளிந்து, உறுதியாகக் கேட்பான். சிறைக்கஞ்சாத நெஞ்சம் வேண்டுமாயின் சீரான மூச்சும் வேண்டும்.

இவ்வூர்த் தமிழன்பர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. பேருந்து நிலையங்களிலும் பணிமனைகளிலும் சந்தைகளிலும் உழைப்பாளர் கூடும் இடங்களில், கட்டணமின்றி, தூய தமிழ்ப் பெயர்களோடு, மருத்துவரின் துணையோடு இம்மூச்சுப் பயிற்சியைக் கற்பியுங்கள். கற்பிக்கும்போதே, டென்சன் என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் புதைந்துபோன தமிழ்ச் சொற்களையும் மீட்டுக்கொடுங்கள். தன் துன்பத்திற்குத் தன் மொழியில் பெயர்சொல்லவும், தன் மூச்சைத் தன் மொழி எழுத்தால் அளக்கவும், தன் ஓய்வைத் தன் உரிமையாகக் கேட்கவும் அறிந்த தமிழன் எளிதில் வீழான். சத்திரம் தன் பெயருக்கேற்ப உழைப்பார்க்கு இளைப்பாறும் இடமாகட்டும்!

உடல் உறுதி பெறுக! உள்ளம் தெளிவு பெறுக! உயிரெனத் தமிழ் வாழ்க!